எண்ணெய் வடிக்கும் பத்து நிமிடம்: ஓர் ஐஸ் கம்பெனியில் அமோனியாக் கசிவு, நிகழ்வு ஆய்வு

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி என்று விசைப்படகு கட்டும் ஊர்களிலெல்லாம் ஐஸ் கம்பெனி உண்டு. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுள்ளென்று குத்தும் நெடி புதிதாக வருகிறவருக்குத்தான் தெரியும். அங்கேயே வேலை செய்கிறவரைக் கேட்டால், "அப்படி ஒண்ணும் அடிக்கலையே" என்பார். அவர் மறைக்கவில்லை. அவருடைய மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிட்டது. இந்த ஆய்வு அந்தப் பழக்கத்தைப் பற்றியது, அதோடு ஒரே ஒரு வால்வைப் பற்றியது.

இங்கே விவரிக்கும் நிகழ்வு பயிற்சிக்காகக் கட்டப்பட்டது. எந்த ஒரு கம்பெனியையும் ஆளையும் இது குறிக்காது. இந்தக் கரையில் உள்ள பார் ஐஸ் ஆலைகளின் அமைப்பு, எண்ணெய் வடிக்கும்போது கசிவு நேரும் விதம், அமோனியா பட்டவர் உடலில் நடப்பது ஆகிய மூன்றையும் ஒரே காலையில் வைத்துச் சொல்லியிருக்கிறோம். ஆட்களின் அளவீடுகளும் அப்படி வைத்தவையே. வாயுவின் குணம், வரம்புகள், செய்முறை எல்லாம் உள்ளபடியே உள்ளவை.

ஆலையும் எண்ணெயும்

நாளுக்கு 20 டன், அதாவது 50 கிலோ ஐஸ் கட்டி, இங்கே பார் என்பார்கள், 400 எடுக்கும் ஆலை. நீளமான தொட்டியில் உப்புக் கரைசல் மைனஸ் 10 டிகிரியில் சுழன்றுகொண்டிருக்கும். நன்னீர் நிரப்பிய தகரக் கேன்கள் அதில் முங்கி நிற்கும். கரைசலைக் குளிர்விப்பது தொட்டிக்குள் ஓடும் இரும்புக் குழாய்களில் கொதிக்கும் திரவ அமோனியா. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது, கண்டென்சரில் தண்ணீர் வழிந்து அதைத் திரவமாக்குகிறது, ரிசீவரில் அது தேங்குகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக மறுபடி தொட்டிப் பக்கம் போகிறது. ஜூன் வெயிலில் அழுத்தப் பக்கம் சதுர அங்குலத்துக்கு 180 முதல் 200 பவுண்டு காட்டும். உறிஞ்சும் பக்கம் 20 பவுண்டை ஒட்டி நிற்கும்.

கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்விடும். ஆயில் செப்பரேட்டர் பெரும்பகுதியைப் பிடிக்கும், முழுவதையும் பிடிக்காது. இந்த எண்ணெய் அமோனியாவில் கரையாது, திரவ அமோனியாவை விடக் கனமானது. அதனால் குளிர்ந்த பக்கத்தில் திரவ அமோனியா நிற்கும் கலமான அக்யூமுலேட்டரின் அடியில் போய்த் தங்கும். குளிரில் அது தேன் போலக் கெட்டிப்படும். வடிக்காவிட்டால் குழாய்களுக்குள் படிந்து, பார் உறைய எடுக்கும் நேரம் கூடும், கரண்ட் பில் ஏறும். ஆகவே வடித்தே ஆக வேண்டும். அமோனியா ஆலைகளில் ஆட்கள் காயப்படும் வேலைகளில் எண்ணெய் வடிப்பு முதல் வரிசையில் நிற்கிறது. காரணம் எளியது. மற்ற நேரமெல்லாம் அமோனியாவுக்கும் மனிதனுக்கும் நடுவில் இரும்பு இருக்கிறது. இந்த ஒரு வேலையில் மட்டும் நாமே வால்வைத் திறந்து, அதன் வாய்க்கு நேரே உட்காருகிறோம்.

"உறிஞ்சும் பக்கம் 20 பவுண்டுதானே" என்ற எண்ணம் இங்கே பொல்லாதது. எண்ணெய்க்கு மேலே நிற்பது திரவ அமோனியா. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்து ஆவியானால் ஏறத்தாழ 850 லிட்டர் வாயு.

ஜூன் 13, காலை 5.40

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017இல்தான் 45 நாளிலிருந்து இப்படி நீண்டது. அந்த இரண்டு மாதமும் ஆலை நிற்கிறது. அமோனியாவை ரிசீவரில் இழுத்து அடைத்துவிடுவார்கள். உப்புக்காற்று மட்டும் ஓய்வெடுப்பதில்லை. வால்வுத் தண்டு துருவேறும், சீல் காயும், எக்ஸாஸ்ட் ஃபேன் இறுகும். கடலுக்குப் போகிற முதல் நாளில் எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் பார் வேண்டும். ஆகவே வருடத்தில் மிக அவசரமான வாரமும், கருவிகள் மிகவும் கெட்டுப்போயிருக்கும் வாரமும் ஒன்றாகவே வருகின்றன.

ஜூன் 11இல் ஆலையை ஓட்டினார்கள். 13ஆம் தேதி விடியலில் கரைசல் மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது, கம்ப்ரசரில் எண்ணெய் மட்டம் குறைந்திருந்தது. எண்ணெய் அக்யூமுலேட்டரில் சேர்ந்துவிட்டது என்று ஆபரேட்டர் கணித்தது சரி. 46 வயது, 19 வருட அனுபவம், பீடி பழக்கம் உண்டு.

அக்யூமுலேட்டரின் அடியில் அரை அங்குல வால்வு ஒன்று மட்டும். அதன் மூக்கில் சமையல் கேஸ் டியூப் போன்ற ரப்பர்க் குழாய், அதன் முனை ஒரு பழைய பெயிண்ட் வாளியில். ஒரு சுற்றுத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டு சுற்று, நூல் போல வந்தது. மூன்றரைச் சுற்றில் கறுப்பாக, கெட்டியாக இறங்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் ஐஸ் அரைக்கும் மெஷினில் பெல்ட் நழுவியதென்று குரல் வந்தது. வால்வை அப்படியே விட்டு ஆறு மீட்டர் தள்ளிப் போனார்.

எண்ணெய் மெதுவாக வந்தது வால்வு போதுமான அளவு திறக்காததால் அல்ல. குளிர்ந்த எண்ணெயும் துருப்பொடியும் சேர்ந்து வாயை அடைத்திருந்தன. மூன்றரைச் சுற்று என்பது அந்த அடைப்புக்காகத் திறந்த அளவு, அடைப்பு போன பிறகு வரப்போகும் திரவத்துக்கு அது மிக அதிகம். 5.46க்கு அடைப்பு விலகியது. வாளியில் எண்ணெய் நுரைத்துப் பொங்கியது, ரப்பர்க் குழாய் துள்ளிக் கழன்றது, வெள்ளை மூட்டம் தரையோடு பரவியது.

அவர் ஓடிவந்து குனிந்து வால்வைப் பிடித்தார். தண்டின் மேல் பனி படிந்து கை ஒட்டியது. இரண்டு மாத உப்பில் மரை இறுகியிருந்தது. அரைச் சுற்று மூடுவதற்குள் முகத்தில் அடித்தது. 24 வயது ஹெல்பர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இரண்டு முறை உள்ளே போனார். இரண்டாம் முறை வால்வு மூடியது. நான்கு நிமிடம் ஓடியிருந்தது, ஏறத்தாழ 15 கிலோ போயிருக்கும்.

கம்ப்ரசரை முதலில் நிறுத்தியது இயல்பாக வரும் கை. ஆனால் கசிவு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றால் அந்தப் பக்கத்தின் அழுத்தம் ஏறும், கசிவு கூடும். முதலில் அடைக்க வேண்டியது ரிசீவரின் வெளிவாய், ஆபரேட்டர்கள் கிங் வால்வு என்று சொல்வது. அதை அடைத்தால் புதிய திரவம் வராது. ஓடும் கம்ப்ரசர் மீதியை இழுத்து ரிசீவரில் சேர்த்துவிடும். ஒரு விலக்கு உண்டு. கம்ப்ரசர் அறைக்குள்ளேயே அடர்ந்த மூட்டம் இருந்தால் வெளியே உள்ள மெயின் ஸ்விட்சைத்தான் இறக்க வேண்டும். காற்றில் 16 முதல் 25 சதவீதம் அமோனியா கலந்தால் தீப்பிடிக்கும். இதற்காகவே கிங் வால்வையும் மெயின் ஸ்விட்சையும் வெளியே இருந்து எட்டும்படி வைக்க வேண்டும். இந்த ஆலையில் இரண்டும் உள்ளே இருந்தன.

வெளியே நின்றவர்கள் சாலையை நோக்கி ஓடினார்கள். ஜூனில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். சாலை வடகிழக்கே இருந்தது. மூட்டமும் அதே பக்கம்தான் போனது. சாலைக்கு அப்பால், ஆலையிலிருந்து 60 மீட்டரில், கருவாட்டுக் களம்.

ஒரு டம்ளர் கணக்கு

அமோனியா காற்றை விட லேசானது, மேலே போய்விடும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். வாயுவாக அது உண்மை. திரவமாகச் சீறி வரும்போது மைனஸ் 33 டிகிரிக் குளிரில் நுண்துளிகளாக, ஈரக் காற்றோடு சேர்ந்து காற்றை விடக் கனத்த மூட்டமாக முழங்கால் உயரத்தில் ஓடும். கடற்கரையின் ஈரப்பதத்தில் இது இன்னும் அடர்த்தியாகத் தெரியும். சூடேறிய பிறகே மேலே எழும். குனிந்து தப்பிக்கும் வழக்கம் இதில் உதவாது.

கம்ப்ரசர் அறை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம் என்று வையுங்கள். 360 கனமீட்டர். ஒரு கிலோ அமோனியா 30 டிகிரியில் ஏறத்தாழ 1.46 கனமீட்டர் வாயு. அது அறை முழுவதும் சமமாகக் கலந்தால் 4,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 4,000 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நலக் கழகமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு 300 பிபிஎம். அந்த 300ஐ எட்ட 75 கிராம் போதும். திரவமாக அது 110 மில்லி, ஒரு டீ டம்ளர் அளவு. அன்று போனது 15 கிலோ.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டாம் அட்டவணையில் அமோனியாவுக்கு எழுதிய வரம்பு எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 35. பலருக்கும் 5 பிபிஎம்மை ஒட்டியே நெடி தெரிந்துவிடும். 400 முதல் 700 வரை கண்ணும் தொண்டையும் கடுமையாக எரியும். 1,700ஐத் தாண்டினால் இருமல் விடாது, குரல்வளை இறுகும். 5,000க்கு மேல் நிமிடக் கணக்கில் உயிர் போகலாம். இந்தப் படிகளில் மூக்கை நம்பி நிற்பது முதல் சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். அதன்பின் மூக்கு மரத்துவிடும். வருடக் கணக்கில் ஆலையில் இருப்பவருக்கு 25இல் ஒன்றும் தெரியாமல் போவது இப்படித்தான்.

மூன்று பேர், மூன்று விதம்

அமோனியா தண்ணீரை அப்படி விரும்பும். ஒரு பங்கு தண்ணீர் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 700 பங்கு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஈரமாக இருக்கும் இடங்களையே பிடிக்கும்: கண், மூக்கு, தொண்டை, குரல்வளை. கரைந்து காரமாகிச் சூட்டையும் கிளப்பும். அமிலம் பட்டால் மேல்தோல் கருகி ஒரு தடுப்பு உண்டாகும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கித் திசுவைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்ணில் இது மிக வேகமாக நடக்கும்.

ஆபரேட்டரை வெளியே இழுத்து இரண்டு மக் தண்ணீர் முகத்தில் ஊற்றினார்கள். குடிக்க மோர் கொடுத்தார்கள். லுங்கியும் பனியனும் எண்ணெயும் அமோனியாவும் ஊறியபடி அவர் மேலேயே இருந்தன. ஐஸ் கம்பெனியில் நன்னீருக்குப் பஞ்சமே இல்லை. இந்தக் கரையில் அவ்வளவு நல்ல தண்ணீர் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அங்கே குறைந்தது 15 நிமிடம், கண்ணுக்கு 30 நிமிடம் வரை, இமையை விரித்துப் பிடித்து ஊற்றியிருக்க வேண்டும். உடை, செருப்பு, அரைஞாண் உட்பட எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும். துணி தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் விட்டு இளக்கிய பிறகு எடுக்க வேண்டும். எலுமிச்சை, வினிகர், மோர் எதுவும் காரத்தை முறிக்க என்று கண்ணிலோ வாயிலோ போடக் கூடாது. முறியும் வேதிவினையே சூட்டைக் கிளப்பும், தொண்டை வீங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்குக் குடிக்கக் கொடுத்தால் மூச்சுக்குழலில் இறங்கும்.

6.25க்கு அருகில் இருந்த ஒரு சிகிச்சை மையத்தில் ரத்த ஆக்சிஜன் 96 காட்டியது, நெஞ்சில் சத்தம் இல்லை. குரல் கரகரத்தது, எச்சில் விழுங்கத் தயங்கினார். 96 என்ற எண்ணைப் பார்த்து, ராமநாதபுரத்துக்குச் சாதாரணமாக அனுப்பினார்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உச்சிப்புளி தாண்டுவதற்குள் மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை போலச் சத்தம் வந்தது. போய்ச் சேர்ந்தபோது குரல்வளை வீங்கி, 8 மில்லிமீட்டர் குழாய் நுழைய வேண்டிய இடத்தில் 6.5தான் நுழைந்தது. சிறிய குழாய் பிறகு வேறு தொல்லை தந்தது. மூன்றாம் நாள் உள்ளே உரிந்த சவ்வு அதை அடைத்தது.

இந்தக் கரையில் பணிபுரியும் மருத்துவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமோனியாவில் முதல் ஒரு மணி நேரத்தின் எதிரி நுரையீரல் அல்ல, குரல்வளை. ஆக்சிஜன் அளவு கடைசி வரை நன்றாகவே காட்டும். குரல் மாறியதா, எச்சில் ஒழுகுகிறதா, வாய்க்குள் வெளிறிய புண் உண்டா என்பவையே அறிகுறி. அவை இருந்தால், முக்கால் மணி நேரச் சாலைக்கு முன்னாலேயே மூச்சுக்குழாய் போடும் முடிவை எடுக்க வேண்டும், இயன்ற அளவு பெரிய குழாயாக. மயக்க மருத்துவர் இல்லாத இடமென்றால் எதிரிலிருந்து புறப்பட்டு வரச் சொல்லி நடுவழியில் சந்திக்கலாம். தலையை உயர்த்தி வைத்து, ஈரமூட்டிய ஆக்சிஜன் கொடுத்து, மூச்சிரைப்பு இருந்தால் மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை நெபுலைசரில் ஆவியாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். ஸ்டீராய்டு பல இடங்களில் கொடுக்கிறார்கள், அதன் பலனுக்கு வலுவான சான்று குறைவு. தொற்று வராமலே ஆன்டிபயாடிக் தேவையில்லை.

அவர் ஆறாம் நாள் குழாய் எடுத்து, மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். வலது கண்ணின் கருவிழி ஓரம் வெளுத்துப் போயிருந்தது. கண் மருத்துவரிடம் தொடர் சிகிச்சை.

ஹெல்பரின் கதை இதைவிட நமக்கு முக்கியம், ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள்தான் கணக்கில் வராமல் போகிறார்கள். அன்று காலை இருமினார், கண் எரிந்தது, குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மதியம் இரண்டு மணிக்கு நெஞ்சு இறுகி மூச்சிரைத்தது. வாயு பட்ட பிறகு 24 மணி நேரம் வரை நுரையீரலில் நீர் கோக்க வாய்ப்பு உண்டு, முதல் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். மூட்டத்துக்குள் நுழைந்தவர் எவராயினும், நன்றாக இருக்கிறேன் என்றாலும், ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பது இதனால்தான். அவரை யாரும் வைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்தும் அவருக்கு இருமல் நிற்கவில்லை. கருவாட்டுப் புகை, அகர்பத்தி, சென்ட், ஓடும்போது குளிர்காற்று, எது பட்டாலும் இரைப்பு. அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததில்லை. 1985இல் புரூக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் விவரித்த நிலை இது: ஒரே ஒரு முறை அதிக அளவு எரிச்சல் வாயு பட்டு, 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் ஆஸ்துமா போன்ற நோய். ஒவ்வாமை இதில் இல்லை. மூச்சுக்குழல் உட்சுவர் உரிந்து, நரம்பு முனைகள் திறந்து, ஒவ்வொரு சிறு தூண்டலுக்கும் சுருங்குகிறது. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையான ஸ்பைரோமெட்ரியில் முதல் விநாடியில் ஊதிய அளவு 2.48 லிட்டர், மொத்தம் ஊதியது 3.70 லிட்டர், விகிதம் 67 சதவீதம். 400 மைக்ரோகிராம் சால்பூட்டமால் உறிஞ்சிய பிறகு 2.81. ஏற்றம் 330 மில்லி, 13 சதவீதம். 200 மில்லியும் 12 சதவீதமும் தாண்டினால் மருந்துக்கு விரிகிறது என்று கணக்கு. உறிஞ்சும் ஸ்டீராய்டும் ஃபார்மடெராலும் சேர்ந்த இன்ஹேலர் தொடங்கியது.

மூன்றாவது ஆள், கருவாட்டுக் களத்தில் மீன் பரப்பிக்கொண்டிருந்த 52 வயதுப் பெண். ஏற்கெனவே இளைப்பு உள்ளவர். காற்றோட்டத்தில் நெடி வந்த ஐந்தே நிமிடத்தில் அவருக்கு மூச்சு இழுத்தது. நெபுலைசரில் ஆறு மணி நேரத்தில் சரியானது. அவருக்கு ஆலையோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவசரத் திட்டத்தில் பக்கத்துக் களத்துக்குத் தகவல் சொல்ல ஒரு ஆளும் ஒரு போன் எண்ணும் எழுதியிருக்க வேண்டும்.

வடிக்கும் முறை

செய்ய வேண்டியது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அக்யூமுலேட்டரில் நேரே வடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதன் அடியில் 10 முதல் 15 லிட்டர் கொள்ளும் எண்ணெய்க் கலம், ஆயில் பாட் என்பது, ஒன்று வேண்டும். அதற்கு மேலிருந்து எண்ணெய் இறங்கும் வால்வு, உறிஞ்சும் குழாய்க்குப் போகும் ஆவி வால்வு, பிரஷர் கேஜ், சேஃப்டி வால்வு, அடியில் வடிவாய். வடிவாயில் இரண்டு வால்வு வரிசையாக: ஒன்று சாதாரணத் திருகு வால்வு, அடுத்தது கையை எடுத்தால் ஸ்பிரிங் தானே மூடிவிடும் வால்வு. இந்த இரண்டாவது வால்வு இருந்திருந்தால், அன்று அவர் பெல்ட்டைப் பார்க்க ஆறு மீட்டர் நகர்ந்தபோதே வால்வும் மூடியிருக்கும். பித்தளை, செம்புப் பொருள் எதையும் இந்த வரிசையில் மாட்டக் கூடாது, அமோனியா அவற்றை அரித்துவிடும். ரப்பர்க் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய்.

முந்தைய நாள் மாலையில் ஆவி வால்வையும் இறங்கும் வால்வையும் திறந்தால் எண்ணெய் தன் கனத்திலேயே பாட்டுக்குள் இறங்கும். பாட் வெளியே பனி படியும், உள்ளே அமோனியாவும் வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும் வால்வை மூடி, ஆவி வால்வை மட்டும் திறந்தே வைத்து இரவு முழுவதும் விட வேண்டும். அமோனியா கொதித்து உறிஞ்சும் குழாய்க்குப் போய்விடும். காலையில் பனி உருகி, பாட் கைக்கு அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். அவசரமென்றால் வெளிப்பக்கம் வெதுவெதுப்பான நீர் ஊற்றலாம், ஆவி வால்வு திறந்திருக்கும்போது மட்டும். தீ காட்டவே கூடாது. எல்லா வால்வையும் மூடிய பாட்டுக்குள் திரவம் சிக்கிக்கொண்டு சூடேறினால் விரிவதற்கு இடமில்லாமல் இரும்பே பிளக்கும். சேஃப்டி வால்வு அதற்குத்தான்.

பிறகு ஆவி வால்வை மூடி 15 நிமிடம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் ஏறினால் அமோனியா இன்னும் இருக்கிறது, மறுபடி திறந்து காத்திருக்க வேண்டும். முள் நின்றால் வடிக்கலாம். முகம் முழுக்க மூடும் முகமூடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் போட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, திருகு வால்வைத் திறந்து, ஸ்பிரிங் நெம்புகோலைக் கையால் பிடித்தபடியே வடிக்க வேண்டும். இன்னொருவர் கிங் வால்வுப் பக்கம் வெளியே நிற்க வேண்டும். நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்துவிட்டு டீக்குப் போவது பல இடங்களில் நடக்கிறது. கட்டிய நெம்புகோல் இருந்தும் இல்லாததே. எண்ணெய் தீர்ந்து ஆவி சீறத் தொடங்கினால் கையை எடுத்தால் போதும்.

வடித்த எண்ணெயை அளந்து எழுத வேண்டும், ஊற்றியதையும் எழுத வேண்டும். மாதத்தில் 12 லிட்டர் ஊற்றி 5 லிட்டர்தான் வடிந்தது என்றால் 7 லிட்டர் எங்கோ படுத்திருக்கிறது. அந்த ஒரு நோட்டு இருந்திருந்தால், தடைக்காலம் தொடங்கும்போதே, அவசரம் இல்லாத ஏப்ரல் மாதத்தில் வடித்திருக்கலாம்.

முகமூடி, தண்ணீர், மூக்குக்கு மாற்று

ஆலை ஆபீஸ் அலமாரியில் இரண்டு முகமூடி இருந்தன, பூட்டியபடி. அவற்றின் வடிகட்டி பெயிண்ட் ஆவிக்கானது. அமோனியாவுக்கு வேறு, பச்சை நிற அடையாளம் உள்ளது. சாதாரணக் கரி அமோனியாவைப் பிடித்து வைக்காது. பச்சை வடிகட்டியும் 300 பிபிஎம் வரை தப்பிக்கவும் சிறு வேலைக்கும்தான். வெள்ளை மூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டியவர் மட்டுமே நுழையலாம், அது இல்லாத ஆலை தீயணைப்புத் துறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஹெல்பர் கட்டிய ஈரத் துண்டு கொஞ்சம் வாயுவைக் கரைக்கும், வெளியே ஓடி வர உதவும். உள்ளே போவதற்கு அது எப்போதும் போதாது. அந்தத் துண்டுதான் அவருக்குத் தைரியம் கொடுத்தது, அதே துண்டுதான் அவருடைய நுரையீரலைக் கெடுத்தது என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது.

மூட்டத்தின் மேல் தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சினால் வாயுவைக் கரைத்து இறக்கும். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் அது இன்னும் வேகமாகக் கொதித்து எழும். இரண்டையும் குழப்பக் கூடாது. கரைந்த தண்ணீர் மீனுக்கு நஞ்சு, கடலுக்குப் போகும் ஓடையை மண்மூட்டையால் அடைக்க வேண்டும்.

குளியல் குழாய் எண்ணெய் வடிக்கும் இடத்திலிருந்து பத்து விநாடி நடையில், வழியில் எதுவும் மறிக்காமல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 லிட்டர் தொட்டி. வெயிலில் கிடக்கும் கறுப்புத் தொட்டி ஜூனில் கையைச் சுடும், நிழல் வேண்டும்.

நெடிக்கு மின்வேதி சென்சார் இரண்டு, கம்ப்ரசருக்கு மேல் ஒன்று, உப்புக் கரைசல் தொட்டிக்கு மேல் ஒன்று. 25 பிபிஎம்மில் மணி, 150இல் எக்ஸாஸ்ட் ஃபேன் தானே ஓட வேண்டும். இந்தக் காற்றில் சென்சார் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் அதிகம், மாதம் ஒரு முறை சோதனை வாயு காட்டிப் பார்க்க வேண்டும். சிறு கசிவு தேட கந்தகக் குச்சி கொளுத்துவது பழைய வழக்கம், வெண்புகை வந்தால் அங்கே கசிவு. அந்தப் புகை தானே சல்பர் டை ஆக்சைடு, தேடுகிறவர் நெஞ்சையும் அடைக்கும். மஞ்சள்தூள் தோய்த்த ஈரத் தாள் அமோனியா பட்டால் சிவக்கும், அதையோ சிவப்பு லிட்மஸ் தாளையோ கொண்டு தேடலாம்.

தடைக்காலத்தில் எடுக்கும் ஊதல்

ஹெல்பரின் 2.48 லிட்டரை எதோடு ஒப்பிடுவது? விபத்துக்கு முன் அவர் எவ்வளவு ஊதினார் என்று யாருக்கும் தெரியாது. வேலையில் சேரும்போது எடுத்த ஒரு சோதனை இருந்திருந்தால் வாயுவால் இழந்தது எவ்வளவு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

வேலையால் வரும் மூச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்க, வேலை நாளிலும் விடுமுறையிலும் ஊதிப் பார்த்து ஒப்பிடுவதுதான் வழி. மற்ற தொழில்களில் அதற்கு விடுமுறை கிடைப்பதே கஷ்டம். இங்கே வருடத்தில் 61 நாள் ஆலை நிற்கிறது. தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் எல்லோருக்கும் ஸ்பைரோமெட்ரி, ஆலை ஓடத் தொடங்கி ஆறு வாரத்தில் இன்னொன்று. சந்தேகம் உள்ளவருக்கு ஊதும் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று ஊதலில் அதிகமானது, நான்கு வாரம். ஆலை ஓடும் வாரங்களில் இறங்கி, நிற்கும் வாரங்களில் ஏறினால் காரணம் தெளிவு.

ஒரு கண்ணி உண்டு. தடைக்காலத்தில் இந்த ஆட்கள் சும்மா இருப்பதில்லை. சிலர் கருவேலங்கரி மூட்டம் போடுகிறார்கள், சிலர் ஃபைபர் வள்ளத்துக்குப் பிசின் பூசி, பெயிண்ட் அடிக்கிறார்கள். கரிப் புகையும் பிசின் ஆவியும் நெஞ்சைக் கெடுப்பவையே. அந்த இரண்டு மாதத்தில் என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதாமல் எடுத்த சோதனையை வைத்து ஒப்பிட முடியாது.

பதிவு

விபத்தன்று மருத்துவர் ஹெல்பருக்குக் கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது "இருமல், வாந்தி". அமோனியா என்ற சொல் இல்லை. அவர் கான்ட்ராக்டர் ஆள், ஆலைப் பதிவேட்டில் பெயர் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆஸ்துமா என்று தெரிந்தபோது, வேலையின்போது நேர்ந்த விபத்துக் காயம் என்று காட்டக் காகிதம் இல்லாமல் போனது. முதல் சீட்டில் மருத்துவர் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: எந்த வாயு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில், என்ன முகமூடி. ஆலை, மூட்டத்தில் நுழைந்த எல்லோர் பெயரையும், கான்ட்ராக்ட் ஆள் உட்பட, அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அறிவிக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஜூன் முதல் வாரத்தில், கரிமூட்டத்துக்குப் போகாமல் இருந்த ஹெல்பர் 2.94 லிட்டர் ஊதினார். ஜூலைக் கடைசியில் 2.71. ஆலை ஓடுகையில் சென்சார் காட்டியது 10 முதல் 15 பிபிஎம், வரம்புக்குள். அவருடைய நுரையீரலுக்கு அதுவே அதிகம். கம்ப்ரசர் அறையிலிருந்து அவரை பார் ஏற்றும் வெளிமேடைக்கு, அதே கூலியில், மாற்றினார்கள். அக்யூமுலேட்டர் அடியில் ஆயில் பாட்டும் ஸ்பிரிங் வால்வும் அந்தத் தடைக்காலத்திலேயே பொருத்தியாயிற்று.